நியூட்டன் தவறா, தோராயமா?

"நியூட்டன் சொன்னது தவறு என்று ஐன்ஸ்டீன் நிரூபித்துவிட்டார்" என்கிற வாக்கியத்தை அறிவியல் பேசும் யூடியூப் வீடியோக்களில் அடிக்கடி கேட்கலாம். கேட்டுவிட்டு மறுநாள் பதினோராம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு அங்கே நியூட்டனின் விதிகளைத்தான் நடத்துகிறார்கள், தேர்விலும் அதைத்தான் கேட்கிறார்கள், பாலம் கட்டுகிறவர்களும் ராக்கெட்டின் பாதையைப் போடுகிறவர்களும் அதை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். 1968 டிசம்பரில் நிலாவைச் சுற்றிவிட்டுப் பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த அப்போலோ 8 விண்கலத்தை யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டபோது, இப்போதைக்குப் பெரும்பாலும் ஐசக் நியூட்டன்தான் ஓட்டுகிறார் என்றார் அதில் இருந்த விண்வெளி வீரர் பில் ஆண்டர்ஸ். மூன்று பேரை ஏறக்குறைய நான்கு லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த ஒரு கோட்பாட்டை எந்த அர்த்தத்தில் தவறு என்பது?

நியூட்டன் தோராயமாகச் சரி என்பதுதான் வழக்கமான பதில். பதில் சரிதான், ஆனால் அதோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம். ஒரு கோட்பாடு எவ்வளவு பிசகும், எந்த இடத்தில் பிசகும் என்பது தெரிந்துவிட்டால் அதை முன்பைவிடத் தைரியமாக நம்பலாம். ஆனால் அந்த எல்லை நமக்கு எப்படித் தெரியவருகிறது? சில கோட்பாடுகள் தங்கள் எல்லையைத் தாங்களே சொல்லிவிடுகின்றன, சில கடைசிவரை வாயே திறப்பதில்லை. அறிவியல் தத்துவத்தில் 'தோராயமான உண்மை' பற்றி நடக்கும் சண்டைகளில் இந்த வேறுபாட்டுக்குக் கிடைக்கவேண்டிய இடம் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

தோராயம் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் கிட்டப் போய்ப் பார்த்துவிடலாம். பிளஸ் ஒன் படித்தவர்களுக்குத் தனி ஊசல் ஞாபகம் இருக்கும். அலைவு நேரம் நூலின் நீளத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் மட்டுமே பொறுத்தது, குண்டை எவ்வளவு தூரம் இழுத்து விட்டோம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று படித்திருப்போம். கண்டிப்பாகச் சொன்னால் அது உண்மையில்லை. கணக்கின் நடுவில் ஒரு கோணத்தின் சைன் மதிப்புக்குப் பதில் அந்தக் கோணத்தையே போட்டுவிடுகிறோம், 'கோணம் சிறியதாக இருக்கும்போது' என்ற வரி அதற்காகத்தான். 5 பாகை இழுத்துவிட்டால் சூத்திரம் சுமார் 0.05 சதவீதம் பிசகும், 20 பாகைக்குப் பிசகு 0.8 சதவீதத்தை நெருங்கும், 90 பாகைக்கு 18 சதவீதம். 5 பாகை ஆடும் ஒரு கடிகாரத்தை அந்தச் சூத்திரத்தை மட்டும் நம்பிச் செய்தால் நாளொன்றுக்கு 41 விநாடி போலப் பிந்தும். இதில் முக்கியமானது, பிசகு எவ்வளவு என்பது கடிகாரத்தை ஓடவிட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டது இல்லை. கோணத்தின் வர்க்கத்தைப் பொறுத்து அது வளரும் என்று காகிதத்திலேயே தெரியும். கூடுதல் துல்லியம் வேண்டுமென்றால் அடுத்த உறுப்பைச் சேர்த்துக்கொள்ளலாம், அதுவும் போதவில்லை என்றால் அதற்கடுத்ததை.

நியூட்டனுக்கும் ஐன்ஸ்டீனின் சார்பியல் கோட்பாட்டுக்கும் உள்ள உறவு கிட்டத்தட்ட இதே மாதிரிதான். பொருளின் வேகத்தை ஒளிவேகத்தால் வகுத்து, வருவதை வர்க்கப்படுத்தினால் பிசகின் அளவு கையில் கிடைத்துவிடும். விநாடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அப்போலோவுக்கு அது ஏறக்குறைய 74 கோடியில் ஒரு பங்கு. ஆண்டர்ஸ் தைரியமாக நியூட்டனிடம் ஓட்டக் கொடுத்ததில் வியப்பில்லை. ஆனால் ஊசலில் இல்லாத ஒரு வித்தியாசம் இங்கே இருக்கிறது: 1687-இல் வெளிவந்த நியூட்டனின் புத்தகத்தை எத்தனை முறை படித்தாலும் அதில் ஒளிவேகம் ஒரு எல்லை என்பதற்கான தடயம் கிடைக்காது. பொருள்கள் எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் போகலாம், ஈர்ப்பு எவ்வளவு பலமாக வேண்டுமானாலும் இருக்கலாம், சமன்பாடுகள் எந்த எதிர்ப்பும் காட்டாது. பிசகின் அளவைக் கணக்குப் போடத் தேவையான எண்ணே அந்தக் கோட்பாட்டுக்குள் கிடையாது, வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

இதனால் என்ன தொல்லை வரும் என்பதற்குப் பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியேவின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. யுரேனஸ் தன் பாதையில் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. நியூட்டனின் விதி தவறு என்று முடிவுகட்டாமல், வெளியே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் அதை இழுக்கிறது என்று லெ வெரியே கணக்குப் போட்டார். 1846 செப்டம்பரில் பெர்லினில் காலே என்ற வானியலாளர் தொலைநோக்கியைத் திருப்பியபோது, சொன்ன இடத்துக்கு ஒரு பாகை அருகிலேயே நெப்டியூன் இருந்தது. அப்புறம் 1859-இல் அதே மனிதர் புதன் கோளுக்கு வந்தார். புதன் சூரியனுக்கு மிக அருகில் வரும் புள்ளி மெல்ல நகர்ந்துகொண்டே போகிறது, மற்ற கோள்களின் இழுப்பையெல்லாம் கழித்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இன்றைய கணக்கில் அந்த மிச்சம் நூற்றாண்டுக்கு 43 விகலை. ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்குதான் விகலை, எனவே இந்த வேகத்தில் ஒரு பாகை நகர எட்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். லெ வெரியே முன்பு செய்ததையே செய்தார், சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே இன்னொரு கோள் இருக்கவேண்டும் என்றார். வல்கன் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. பார்த்துவிட்டோம் என்று சிலர் சொல்லவும் செய்தார்கள். அப்படி ஒரு கோள் இல்லவே இல்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டீன் தன் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டில் புதனைப் போட்டுப் பார்த்தபோது 43 விகலை எந்தக் கூடுதல் கோளும் இல்லாமல் வந்து விழுந்தது.

லெ வெரியே இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் யோசித்தார், இரண்டு முறையும் நியாயமாகத்தான் யோசித்தார். முதல் தடவை உலகத்தில் ஒரு பொருள் விடுபட்டிருந்தது, இரண்டாம் தடவை கோட்பாடு தன் எல்லையைத் தொட்டிருந்தது. இரண்டில் எது என்பதை வெறும் பிசகைப் பார்த்துச் சொல்ல முடியாது, நியூட்டனின் கோட்பாடும் உதவாது. வெளியிலிருந்து ஒளிவேகம் கிடைத்த பிறகுதான் நம்மால் சொல்ல முடிகிறது: சூரிய ஈர்ப்பின் சார்பியல் விளைவு பூமியின் தூரத்தில் 10 கோடியில் ஒரு பங்கு, புதனின் தூரத்தில் 4 கோடியில் ஒரு பங்கு, அதனால்தான் நியூட்டனின் கோட்பாடு முதலில் புதனிடம் மாட்டிக்கொண்டது.

இதற்கு நேர்மாறான கதை வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகருடையது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு 1930 ஜூலை இறுதியில் பம்பாயில் கப்பல் ஏறியபோது அவருக்கு வயது 19. கேம்பிரிட்ஜில் யாரிடம் ஆராய்ச்சி செய்யப் போகிறாரோ அந்த ரால்ஃப் ஃபௌலர் 1926-இல் எழுதிய கட்டுரை அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைக் குள்ளன் எனப்படும் விண்மீன்கள் சூரியனின் எடையைப் பூமியின் அளவுக்குள் அடைத்து வைத்திருப்பவை. எரிபொருள் தீர்ந்த அந்த விண்மீன் ஏன் தன் கனத்தாலேயே நொறுங்கவில்லை என்பதற்கு ஃபௌலர் பதில் கண்டுபிடித்திருந்தார். ஒரே குவாண்டம் நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்பதால், நெருக்க நெருக்க அவை மேலும் மேலும் வேகமான நிலைகளுக்குத் தள்ளப்படுகின்றன, அந்த வேகம் தரும் அழுத்தம் விண்மீனைத் தாங்குகிறது. அழகான கோட்பாடு, இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதன்படி எந்த எடையுள்ள விண்மீனும் கடைசியில் வெள்ளைக் குள்ளனாகி நிம்மதியாக ஓய்ந்துவிடலாம்.

கப்பலில் சந்திரசேகர் கேட்ட கேள்வி சாதாரணமானது: அந்த மையத்தில் எலக்ட்ரான்கள் எவ்வளவு வேகமாக ஓடுகின்றன? ஃபௌலரின் சொந்தச் சூத்திரத்தை வைத்தே கணக்குப் போட்டால், அது ஒளிவேகத்தின் பாதியைத் தாண்டிவிடுகிறது. எலக்ட்ரான்கள் மெதுவாக ஓடுகின்றன என்று எடுத்துக்கொண்டு கட்டிய கோட்பாடு, அவை மெதுவாக ஓடவில்லை என்று தானே சொல்கிறது. அப்படியானால் சார்பியலைச் சேர்க்கவேண்டும். சேர்த்தால் என்ன ஆகிறது என்பதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். விண்மீன் சுருங்கச் சுருங்க, அதைத் தாங்குவதற்கு ஈர்ப்பு கேட்கும் அழுத்தம் அடர்த்தியின் 4/3 அடுக்கில் கூடுகிறது. ஃபௌலரின் எலக்ட்ரான்கள் தரும் அழுத்தமோ 5/3 அடுக்கில் கூடுகிறது, அதாவது கேட்பதைவிடக் கொடுப்பது வேகமாக வளர்கிறது, எனவே போதுமான அளவு சுருங்கினால் எந்த விண்மீனும் எங்காவது ஓரிடத்தில் நின்றுவிடும். எலக்ட்ரான்கள் ஒளிவேகத்தை நெருங்கியதும் அந்த 5/3 மெல்ல 4/3-ஆக இறங்கிவிடுகிறது. இப்போது கேட்பதும் கொடுப்பதும் ஒரே வேகத்தில் வளர்கின்றன. எடை ஒரு அளவைத் தாண்டியிருந்தால் எவ்வளவு சுருங்கினாலும் ஈடுகட்ட முடியாது, சரிவுக்குத் தடையே இல்லை. அவர் 1931-இல் வெளியிட்ட முதல் கணக்கில் அந்த எல்லை சூரியனைப்போல் 0.91 மடங்கு என்று வந்தது. விண்மீனின் உட்பொருள் பற்றிய ஊகம் திருத்தப்பட்ட பிறகு இன்று நாம் சொல்வது சுமார் 1.4 மடங்கு. இங்கிலாந்தில் எட்மண்ட் ஸ்டோனரும் ஏறக்குறைய அதே காலத்தில் இப்படி ஒரு எல்லையைக் கண்டிருந்தார்.

தோராயக் கோட்பாடு என்றால் 'பதில் அதேதான், தசமப் புள்ளிக்குப் பிறகு கொஞ்சம் மாறும்' என்று நினைப்பவர்கள் இந்தக் கதையைக் கவனிக்கவேண்டும். திருத்தம் படிப்படியாகத்தான் உள்ளே வருகிறது, ஆனால் முடிவில் 'எல்லா விண்மீன்களும் தப்பிக்கும்' என்பது 'சில தப்பிக்காது' என்று ஆகிவிடுகிறது. 1935 ஜனவரியில் லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் இதை எல்லோர் முன்னிலையிலும் மறுத்தார். சார்பியலைச் சோதிக்க 1919 கிரகணத்தின்போது ஆப்பிரிக்கா வரை போய் அளந்துவந்த எடிங்டன்! அவருக்கு ஃபௌலரின் பழைய தோராயம் போதும், இயற்கை இப்படி அபத்தமாக நடந்துகொள்ள விடாமல் ஏதோ ஒன்று தடுக்கும் என்று நம்பினார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது 1983-இல். இன்னொன்றையும் சொல்லவேண்டும், சந்திரசேகரின் எல்லையும் தோராயம்தான்: விண்மீன் சுழலவில்லை, வெப்பநிலை பூஜ்யம், ஈர்ப்பு நியூட்டன் சொன்னபடியே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வந்த எண் அது. அதனால் அந்த எல்லை பொய்யாகிவிடவில்லை. எதை விட்டோம், விட்டதால் எவ்வளவு மாறும் என்பது தெரியும்.

தத்துவவாதிகள் பக்கம் வருவோம். 1975-இல் ஹிலரி பட்னம் ஒரு வாதத்தைப் புகழ்பெறச் செய்தார்: அறிவியல் கோட்பாடுகள் தோராயமாகவேனும் உண்மையாக இல்லாவிட்டால் அவற்றின் வெற்றியை அதிசயம் என்றுதான் சொல்லவேண்டும். 1981-இல் லாரி லாடன் இதைப் பலமாகத் தாக்கினார். வெப்பம் என்பது கலோரிக் என்ற திரவம் என்றார்கள், ஒளி ஈதர் என்ற ஊடகத்தில் பரவுகிறது என்றார்கள், இரண்டும் நன்றாகவே வேலை செய்தன, இரண்டிலும் சொல்லப்பட்ட பொருள் உலகத்தில் இல்லவே இல்லை. இல்லாத பொருளைப் பற்றிய கோட்பாடு எப்படித் தோராயமாக உண்மையாகும்? கேள்வி கூர்மையானது. 1824-இல் சாதி கார்னோ வெப்ப இயந்திரத்தின் உச்சத் திறன் இரண்டு வெப்பநிலைகளை மட்டுமே பொறுத்தது என்று காட்டியபோது கலோரிக்கை நம்பித்தான் காட்டினார், முடிவு இன்றும் அப்படியே நிற்கிறது. கண்ணாடியில் பட்ட ஒளி எவ்வளவு பிரதிபலிக்கும் என்று ஃப்ரெனல் எழுதிய சமன்பாடுகள் ஈதரின் அதிர்வுகளைக் கற்பனை செய்து வந்தவை, மேக்ஸ்வெல்லின் மின்காந்தக் கோட்பாட்டிலிருந்தும் அதே சமன்பாடுகள்தான் வருகின்றன. பொருள் போய்விட்டது, கட்டமைப்பு தங்கிவிட்டது என்று 1989-இல் ஜான் வொரல் இதற்கு விளக்கம் சொன்னார். பல வருடங்களுக்கு முன்பே புவான்கரே சொல்லிவைத்த யோசனை அது.

பின்னால் திரும்பிப் பார்த்து இது தங்கியது, அது போனது என்று பிரிப்பது யாருக்கும் முடியும், அதுதான் இந்த விளக்கத்தின் பலவீனம். 1824-இல் நின்றுகொண்டு கார்னோவின் எந்த வரி தப்பிக்கும் என்று சொல்ல முடியுமா? 'உண்மைக்கு எவ்வளவு அருகில்' என்பதைத் தர்க்கத்தால் வரையறுக்கப் பார்த்த கார்ல் பாப்பரின் முயற்சியும் பலிக்கவில்லை. அவருடைய வரையறைப்படி பார்த்தால் தவறான இரண்டு கோட்பாடுகளில் ஒன்று மற்றதைவிட உண்மைக்கு அருகில் இருக்கவே முடியாது என்று 1974-இல் பாவெல் டிகியும் டேவிட் மில்லரும் தனித்தனியே காட்டிவிட்டார்கள். நியூட்டன், கெப்ளரைவிட உண்மைக்கு அருகில் என்றுகூடச் சொல்ல முடியாத வரையறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

என்னைக் கேட்டால் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் தத்துவத் துறையைவிட இயற்பியலுக்குள்ளேயே அதிகம் வளர்ந்திருக்கிறது. 1934-இல் என்ரிகோ ஃபெர்மி நியூட்ரான் சிதைவுக்கு ஒரு கோட்பாடு எழுதினார், அதில் நான்கு துகள்கள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. சிதைவை நன்றாகவே விளக்கியது. ஆனால் அதே சமன்பாடுகளில் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போனால் துகள்கள் மோதிச் சிதறும் நிகழ்தகவும் கூடிக்கொண்டே போய், சில நூறு ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலையும் நிறையையும் சொல்லும் அலகு) அளவில் 100 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. அப்படி ஒன்று நடக்கவே முடியாது. ஆக, அந்த ஆற்றலுக்குள் புதிதாக ஏதோ வந்தே ஆகவேண்டும் என்று கோட்பாடே எழுதிக் கொடுத்துவிட்டது. 1983-இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டபிள்யூ துகள் கிடைத்தது, நிறை சுமார் 80 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். ஃபெர்மி புள்ளி என்று நினைத்த இடத்தில் உண்மையில் இந்தத் துகள் கைமாறிக்கொண்டிருந்தது. அப்படியானால் அதைப் பற்றித் தெரியாமலே ஃபெர்மிக்கு எப்படி விடை சரியாக வந்தது? நியூட்ரான் சிதைவின் ஆற்றல் அந்த 80 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டில் சுமார் எண்பதாயிரத்தில் ஒரு பங்குதான், டபிள்யூவைப் புள்ளியாக்கியதால் வரும் பிசகு அதன் வர்க்கம், அதாவது 600 கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு.

இதைத் தனி ஒரு கோட்பாட்டின் அதிர்ஷ்டமாக விடாமல் பொது வழிமுறையாக ஆக்கியதில் இயற்பியலாளர் கென்னத் வில்சனுக்குப் பெரும் பங்கு உண்டு, அந்த வேலைக்கு 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது. தூரத்திலிருந்து பார்க்கும்போது மிகச் சிறிய அளவுகளில் நடப்பதெல்லாம் ஒருசில மாறிலிகளுக்குள் அடங்கிவிடுகிறது, மிச்சமுள்ள விளைவுகள் ஆற்றல் குறையக் குறைய மங்கிப்போகின்றன. எனவே அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே மேலே நடப்பதைச் சரியாகச் சொல்லலாம், எவ்வளவு சரி என்றும் முன்கூட்டியே சொல்லலாம். லாடனின் கேள்விக்கு இது பாதிப் பதில். இல்லாத பொருளைப் பேசிய கோட்பாடும் ஏன் பலிக்கிறது என்றால், அந்த அளவில் அடியில் இருக்கும் பொருள் எதுவானாலும் விடை பெரிதாக மாறாது. பாதி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, இந்த வழிமுறை எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. வெற்றிடத்தின் ஆற்றலை இதே முறையில் மதிப்பிட்டால் வானியல் அளவீட்டைவிட 10-இன் 120-ஆவது அடுக்கு அளவுக்கு அதிகமாக வருகிறது. அது ஏன் என்று யாருக்கும் இன்னும் விளங்கவில்லை.

தோராயத்தை வெறும் கணக்குச் சிக்கனமாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. ஒரு டம்ளர் தண்ணீரில் 10-இன் 24-ஆவது அடுக்கைவிட அதிக மூலக்கூறுகள் இருக்கின்றன, எண்ணிக்கை பெரியது, ஆனால் முடிவுள்ளது. முடிவுள்ள எண்ணிக்கைக்குக் கணிதத்தில் கூர்மையான கொதிநிலை என்று ஒன்று வராது, எல்லாம் வழவழப்பாகத்தான் மாறும். மூலக்கூறுகள் முடிவிலி என்று வைத்தால்தான் திரவமும் ஆவியும் பளிச்சென்று பிரிகின்றன. எனவே தண்ணீர் ஏன் கொதிக்கிறது என்ற விளக்கமே உண்மையல்லாத ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது, அந்த அனுமானத்தை எடுத்துவிட்டால் துல்லியம் கூடாது, விளக்கம்தான் காணாமல் போகும். ராபர்ட் பேட்டர்மன் போன்ற தத்துவவாதிகள் இதை வைத்துத்தான் தோராயங்களை, கட்டடம் எழும்பியதும் பிரித்துவிடும் சாரம்போல நடத்தக்கூடாது என்கிறார்கள். இதில் நான் முழுக்க அவர்கள் பக்கம்.

இதெல்லாம் பழைய கதையும் இல்லை. 1970-களில் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அளந்த விண்மீன் மண்டலங்களில் வெளி ஓரத்து விண்மீன்கள் கண்ணுக்குத் தெரியும் நிறைக்கு ஏற்ற வேகத்தைவிட வேகமாகச் சுற்றின. கண்ணுக்குத் தெரியாத பொருள் இருக்கிறது என்பது ஒரு பதில், அதுதான் கரும்பொருள். 1983-இல் மொர்தெஹாய் மில்க்ரோம் இன்னொரு பதில் சொன்னார்: முடுக்கம் மிக மிகக் குறைவாக இருக்கும் இடத்தில், அதாவது நம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 8,000 கோடியில் ஒரு பங்கு அளவில், நியூட்டனின் விதியே மாறுகிறது. பெரும்பாலான இயற்பியலாளர்கள் கரும்பொருள் பக்கம்தான், பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சின் அளவீடுகளை அது விளக்கும் விதத்தைப் பார்த்தால் நானும் அந்தப் பக்கம்தான் சாய்வேன். ஆனால் கரும்பொருள் துகள் ஒன்றுகூட இதுவரை ஆய்வகத்தில் சிக்கவில்லை. நெப்டியூனா வல்கனா என்ற பழைய கேள்விதான், கோட்பாடு இந்தமுறையும் தன் எல்லையைத் தானாகச் சொல்லவில்லை.

இதைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களில் சில ஜோடிகளுக்கு நடுவே சூரியன்–பூமி தூரத்தைப்போல் 7,000 மடங்குக்கும் மேல் இடைவெளி உண்டு. அங்கே முடுக்கம் மில்க்ரோம் சொன்ன அளவுக்குக் கீழே போய்விடுகிறது, ஆனால் அவ்வளவு சின்ன இடத்துக்குள் கரும்பொருள் எதையும் மாற்றும் அளவுக்கு இருக்காது. எனவே அந்த ஜோடிகள் நியூட்டன் சொன்னபடி சுற்றினால் ஒரு முடிவு, வேகமாகச் சுற்றினால் இன்னொரு முடிவு. ஐரோப்பாவின் கையா விண்கலம் சேகரித்த அதே தரவுகளை வைத்து 2023-இல் சில குழுக்கள் நியூட்டனிலிருந்து விலகல் தெரிகிறது என்றும், வேறொரு குழு விலகலே இல்லை என்றும் எழுதின. சண்டை பெரும்பாலும் எந்தெந்த ஜோடிகளைக் கணக்கில் எடுப்பது, கூடவே மறைந்திருக்கும் மூன்றாவது விண்மீனை எப்படிக் கழிப்பது என்பதைப் பற்றித்தான்.